உள்ளிருந்து மூன்று தட்டு

ஜுபைல்
8 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மணிமாறன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. நீயும் மச்சானும் தன்யாக் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போன் கம்பெனி ஆபீசில் இருக்கிறது. விசாரணை முடிகிறவரை என்று சொல்லி உறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கேம்ப் பாஸ் முன்னால் நின்று, அவர் போனில் அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேசலாம். ரூமில் யாரிடமாவது போன் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் போனையும் சோதிக்கிறார்கள். இதைக் கொண்டுவருகிறவர் காயல்பட்டினத்து கலீலுர் ரஹ்மான் பாய். எங்கள் மெஸ்ஸுக்குத் தயிரும் காய்கறியும் இறக்கிவிட்டு, கடல் பாலம் தாண்டி உங்கள் பஹ்ரைனுக்குப் போய் வருகிற டிரைவர். நம்பலாம். பதிலை அவர் கையிலேயே கொடு.

விஷயம் இதுதான். போன மாதம் முப்பதாம் தேதி எங்கள் சைட்டில் ஒரு சாவு. பரமக்குடிப் பக்கத்து வேலுச்சாமி. பெரிய இரும்புத் தொட்டிக்குள் சுத்தம் செய்ய இறங்கினவன். என் வேலை அந்தத் தொட்டியின் வாயில் உட்கார்ந்து காவல் இருப்பது. உள்ளே போகிறவனின் கார்டை வாங்கிப் பலகையில் மாட்டுவேன், வெளியே வந்தால்தான் திருப்பிக் கொடுப்பேன். உள்ளே ஏதாவது என்றால் அவன் ஸ்பானரால் சுவரில் மூன்று தட்டு தட்டுவான். கேட்டதும் நான் ஆளைக் கூப்பிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். 'சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறியேடா' என்று நீ கேலி செய்வாயே, அதே வேலை.

அன்றைக்கு என்னை எழுந்திருக்கச் சொல்லி, அடுத்த யூனிட்டில் போய் ஹோஸ் எடுத்துவரச் சொன்னார்கள். மாற்று ஆள் எங்கே என்று கேட்டேன். 'அஞ்சு நிமிஷம், யல்லா, சீக்கிரம்' என்றார்கள். திரும்பி வரப் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. தொட்டி வாயைச் சுற்றிக் கூட்டம். உள்ளே காஸ் கசிந்திருக்கிறது.

மணிமாறன் தானாகவே இடத்தை விட்டுப் போனான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. என் பாஸ்போர்ட் அவர்களிடம். நான் இந்த நாட்டை விட்டுப் போக முடியாது. முடிவு எனக்கு எதிராக வந்தால் ஜெயில் என்கிறார்கள். எத்தனை வருடம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வேலுச்சாமியின் கார்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் தம்பி
மணி


ஈசா டவுன்
15 நவம்பர் 2024

மணிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் கடிதத்தைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை படித்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்காதே.

முதலில் எனக்குப் பதில் சொல். 'சொன்னார்கள், சொன்னார்கள்' என்று எழுதியிருக்கிறாய். சொன்னது யார்? சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோதும் இப்படித்தான், 'உடைஞ்சிருச்சு' என்றாய். உன்னோடு பந்து விளையாடியவன் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. அடி முழுவதையும் நீயே வாங்கினாய். இது ஜன்னல் இல்லையடா. உன்னை அனுப்பியவன் பெயர் என்ன, அதைப் பார்த்த சாட்சி யார், இரண்டையும் எழுது.

தூக்கம் வருகிறதா? வயிற்றுப்புண் மாத்திரை கையில் இருக்கிறதா? கலீல் பாயிடம் ஒரு அட்டை கொடுத்திருக்கிறேன்.

தன்யா உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். தமிழ்தான், ஆனால் முழுக்க இங்கிலீஷ் எழுத்தில். தமிழ் டீச்சர் மகள் இப்படி எழுதுகிறாள் என்று வெளியே சொல்லாதே. நீ லீவில் வருவதாக நினைத்துக்கொண்டு என்னென்னவோ கேட்டிருக்கிறாள்.

அம்மாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. போனில் 'மணி குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு' என்றாள். சளி என்று சொல்லிவிட்டேன்.

அக்கா
அகிலா


ஜுபைல்
22 நவம்பர் 2024

அக்காவுக்கு,

மாத்திரை வந்தது, போட்டுக்கொண்டேன். தன்யா கடிதத்தை வாய்விட்டுப் படித்தால்தான் புரிகிறது. ரூமில் சத்தமாகப் படித்துச் சிரித்தேன். நான் சிரித்து மூன்று வாரம் ஆகியிருந்ததால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். உத்தரவு போட்டவர் சைட் என்ஜினியர், துருக்கிக்காரர். கம்பெனியே துருக்கிக் கம்பெனிதான், மேலே இருப்பவர்கள் எல்லோரும் அவர்கள். அவர் துருக்கி மொழியில் சொன்னதை என்னிடம் இந்தியில் சொன்னவன் ஃபோர்மேன். கார்டில் அவன் பெயர் எர்தால்.

சாட்சி யார் என்றாயே. அவன்தான். அவனைப் பற்றி எழுதப்போவது உன் கண்ணோடு நிற்க வேண்டும். மச்சானுக்குக்கூட வேண்டாம். உன்மேல் வைத்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எர்தாலுக்கு அரபி தெரியும். தெரியும் என்றால் நம்மைப்போல 'மாஃபி, கலாஸ்' என்று நாலு வார்த்தை இல்லை. அதுதான் அவன் தாய்மொழி. இது கம்பெனியில் ஒரு ஆளுக்கும் தெரியாது. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் டாங்கின் பின்பக்கம் துணி உலர்த்தப் போனேன். அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனில் அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். 'யா உம்மி, யா உம்மி' என்று, அம்மா என்பதற்கு அரபி. என்னைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஆறடி ஆள், பத்துப் பேரை விரட்டி வேலை வாங்குகிறவன், குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான். 'பாய், யார்கிட்டயும் சொல்லாத' என்றான். அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் யாராவது வந்தால் நான் இருமுவேன். அவன் துருக்கிக்கு மாறிவிடுவான். வீட்டில் அவன் பெயர் நிசார். எர்தால் பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வைத்தது.

அடுத்த மாதம் விசாரணை. அதிகாரி அரபிக்காரர். நடுவில் இருந்து மொழிபெயர்ப்பவன் கம்பெனி ஆள். அவன் என்ன மாற்றிச் சொன்னாலும் அங்கே கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நிசார். அவன் வாய் திறப்பானா என்று தெரியவில்லை.

மணி


ஈசா டவுன்
29 நவம்பர் 2024

மணிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கோபமாக எழுதுகிறேன்.

அரபு நாட்டில் அரபி தெரியும் என்று சொல்ல என்னடா பயம்? இங்கே நாலு வார்த்தை பேசத் தெரிந்தவனை ஆபீஸில் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். உன் மச்சான் பதினோரு வருடமாக முக்கி முக்கிக் கற்றுக்கொண்டும் டாக்ஸிக்காரனிடம் வழி சொல்லத் தெரியவில்லை. தாய்ப்பாலோடு வந்த மொழியை ஒருவன் ஒளித்துவைப்பானா? அவனும் குற்றத்தில் கூட்டு, அதனால்தான் ஒளிகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவனுக்காக நீ இருமிக்கொண்டிரு. உனக்காக யார் இருமுவார்கள்? விசாரணையில் நீயே எழுந்து அதிகாரியிடம், 'இந்த ஆளுக்கு அரபி தெரியும், கேளுங்கள்' என்று சொல்லிவிடு. உனக்குத் தெரிந்த அரபி அதற்குப் போதும்.

நேற்று பள்ளி வாசலில் போலீஸ் வண்டி நின்றது. ஏதோ பார்க்கிங் தகராறு. நான் வகுப்புக்குப் போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். உன்னைத் தேடி ஜுபைலில் நிற்கிற வண்டி மாதிரி இருந்தது.

அகிலா


ஜுபைல்
20 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

நலம். பதில் தாமதம், விசாரணை முடியட்டும் என்று இருந்தேன். உன் கடிதம் வந்த அன்று கலீல் பாயின் வண்டி பாலத்துச் சோதனையில் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டதாம். உன் கடிதத்தைத் தயிர் டப்பா மூடிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். 'தம்பி, ஒங்க அக்கா கடுதாசி நல்லா குளுந்து போச்சு' என்றார்.

விசாரணை பத்தாம் தேதி நடந்தது. என்ஜினியர் துருக்கியில் ஏதோ சொன்னார், மொழிபெயர்ப்பாளன் அரபியில் சொன்னான். நான் இந்தியில் சொன்னதை எழுத்தர் ஒருவர் அரபியாக்கினார். 'ஃபோர்மேன் என்ன சொல்கிறான்' என்று அதிகாரி கேட்டார். கேள்வி அரபியில் வந்தபோதே நிசார் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் மொழிபெயர்ப்பாளன் துருக்கியில் திருப்பிச் சொல்கிறவரை காத்திருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு துருக்கியில் இரண்டே வார்த்தை சொன்னான். 'நான் பார்க்கவில்லை' என்று அரபியில் வந்தது.

நீ சொன்னபடி எழுந்துவிடலாம் என்று என் முட்டி வரை வந்தது. எழவில்லை. திட்டாதே.

மறுநாள் டாங்க் பின்னால் அவனே வந்தான். காலடிக் கல்லைப் பார்த்தபடி பேசினான். அவன் ஊர் எல்லையோரம், மலைக்கு அந்தப் பக்கம் சிரியா. பள்ளியில் அரபி வாயில் வந்தால் வாத்தியார் விரல் முட்டியில் அடிப்பாராம். சண்டைக்குப் பயந்து எல்லை தாண்டி ஜனம் வந்த பிறகு இன்னும் மோசம். பஸ்ஸில் அம்மாவோடு அரபியில் போன் பேசிய இவன் தம்பியை அகதி என்று நினைத்து நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். பத்து தலைமுறையாக அதே ஊர்க்காரன் அவன். 'அங்க இருக்கவங்களுக்கு நான் சிரியாக்காரன். இங்க அரபிக்காரனுக்கு நான் துருக்கிக்காரன்' என்றான். கம்பெனியில் பெரிய ஆட்கள் பலர் அவன் மாவட்டத்துக்காரர்கள். அவன் எதிரிலேயே அரபிகளைப் பற்றி என்னென்னவோ பேசுகிறவர்கள். இத்தனை நாளும் இவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரிந்தால் இங்கே வேலை மட்டுமா போகும்? செய்தி இவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும்.

இன்னொன்றும் சொன்னான். போன வருடத்து நிலநடுக்கத்தில் அவன் வீடு விழுந்து அம்மா அடியில் மாட்டிக்கொண்டாளாம். மேலே மீட்க வந்தவர்கள் 'யாராவது இருக்கீங்களா' என்று துருக்கியில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்குக் கேட்டது, புரிந்தது. ஆனால் வாயில் அரபிதான் வரும். அந்நியன் என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்து வாயே திறக்கவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தட்டியிருக்கிறாள். அந்தத் தட்டலை வைத்துத்தான் தோண்டி எடுத்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு அழுதான் அக்கா. வேலுச்சாமி தட்டியதுகூட அவனுக்குக் கேட்டிருக்கிறது. மூன்று தட்டு. என்ஜினியரிடம் சொல்லியிருக்கிறான். 'வேலை செய்யுறாங்க, வேற ஒண்ணுமில்ல' என்று அவர் போய்விட்டாராம். இவன் அதற்குமேல் பேசவில்லை. நான் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தேன்.

பேச்சை மாற்ற தன்யா கடிதத்தைக் காட்டினேன். 'இது என்ன மொழி' என்றான். தமிழ், எழுத்து மட்டும் வேறு என்றேன். முதல்முறையாகச் சிரித்தான். அவனுக்கும் அரபி எழுத்து தெரியாதாம். எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை. அம்மாவுக்குச் செய்தி அனுப்புவதென்றால் துருக்கி எழுத்தில்தான் அரபி எழுதுவானாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துக் காட்டுமாம்.

அடுத்த விசாரணை பிப்ரவரியில். யோசிக்க நேரம் கொடு என்கிறான் நிசார். கொடுக்கிறேன். நீ யாரிடமும் சொல்லவில்லைதானே?

மணி


ஈசா டவுன்
3 ஜனவரி 2025

மணிக்கு,

புது வருடம் உனக்கு நல்லதைக் கொண்டுவரட்டும். எல்லோரும் சுகம். தன்யாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, உனக்கு எடுத்துவைத்திருக்கிறாள்.

பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும் என்கிறாய். நீ காத்திருப்பாய். என்னால் முடியாது. நீ கவலைப்படாதே, சீக்கிரம் ஒரு வழி பிறக்கும். புத்தாண்டு விருந்தில் உன் மச்சான் பெரிய இடத்து மனிதர் ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறார். எந்த ஊரிலும் காரியம் நடப்பது தெரிந்தவர் மூலம்தான், உனக்குத் தெரியாதது இல்லை. விவரம் எல்லாம் உனக்கு வேண்டாம். நன்றாகச் சாப்பிடு.

அகிலா


ஜுபைல்
17 ஜனவரி 2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனம் இல்லை.

நிசாரை அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை ஏர்போர்ட் பஸ். இனி இந்த நாட்டுக்குத் திரும்ப முடியாதபடி ஃபைனல் எக்ஸிட். பதினாலு வருடத்து ஆள், ஒரு பையோடு போனான்.

அவனுக்கு அரபி தெரியும் என்பது மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. தொட்டி விஷயத்தில் அவன் காதில் என்ன விழுந்தது என்பதும் தெரிந்துவிட்டது. என் சாட்சி போய்விட்டது. அதைவிடப் பெரியது, அவன் மாவட்டத்து ஆட்கள் அவன் பஸ் ஏறுவதைச் சுவரோரம் நின்று பார்த்தார்கள். ஒருவரும் கையை ஆட்டவில்லை.

இப்போது ரூமில் யாரும் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் யாரிடம் என்ன பேசுவது என்று பயமாக இருக்கிறது. டாங்க் பின்னால் பேசியது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அதற்கப்புறம் உனக்கு எழுதினேன்.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. யாரிடமாவது சொன்னாயா? ஆம் என்றால் ஆம் என்று எழுது. நான் கோபப்பட மாட்டேன்.

மணி


ஈசா டவுன்
21 பிப்ரவரி 2025

அன்புள்ள மணிக்கு,

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. கலீல் பாய் இரண்டு முறை வந்தார். முதல் முறை தன்யாவுக்குக் காய்ச்சல், நூற்றி மூன்று. இரண்டாம் முறை பள்ளியில் தேர்வுத்தாள் வேலை. இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. மச்சானுக்கு முதுகுவலி. அம்மா நன்றாக இருக்கிறாள், கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறாளாம்.

இருபத்தைந்தாம் தேதி விசாரணை என்று பாய் சொன்னார். அன்றைக்கு விரதம் இருக்கப்போகிறேன். நீ கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல், வேறு எதையும் பேசாதே. உனக்கு ஒரு நல்ல சட்டை கொடுத்தனுப்புகிறேன், அதைப் போட்டுக்கொண்டு போ.

எனக்கு உன்னைத் தவிர வேறு தம்பி கிடையாது.

அகிலா


ஜுபைல்
7 மார்ச் 2025

அக்காவுக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். கலீல் பாய்க்கு நோன்பு. கடிதத்துக்காகக் காத்திருக்கிறார், அதனால் வேகமாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். சட்டைப் பையில் வேலுச்சாமியின் கார்டு, அதற்குப் பின்னால் மடித்த ஒரு காகிதம். நிசார் போவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்தது. அரபிதான், துருக்கி எழுத்தில். எழுதியதோடு விடவில்லை. புதன்கிழமை மதியம் எல்லோரும் தொழப் போயிருந்த நேரத்தில் என்னை டாங்க் பின்னால் உட்காரவைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னான். தப்பாகப் படித்தால் நிறுத்தினான். நாலு முறை, ஐந்து முறை. 'உன் மருமக கடுதாசி மாதிரி நெனச்சுக்க' என்றான். அதற்குப் பிறகு நாற்பது நாள், குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு, முணுமுணுத்துப் பழகினேன். பாதிதான் எனக்குப் புரியும்.

விசாரணையில் என்ஜினியர் பழைய கதையையே சொன்னார். 'உன்னிடம் ஏதாவது இருக்கிறதா' என்று அதிகாரி கேட்டார். காகிதத்தைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து தெரியாது. மொழிபெயர்ப்பாளனிடம் நீட்டினார். அவன் இரண்டு வரி பார்த்தான், அவன் காது சிவந்தது. 'இது துருக்கி மொழியே இல்லை, ஏதோ கிறுக்கல்' என்றான். பொய் இல்லை பார், துருக்கி மொழி இல்லைதான். அதிகாரி அதை ஃபைலுக்கு வெளியே, டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த நிமிடம் எனக்கு ஜெயில் கதவு தெரிந்தது. காகிதத்துக்காகக் கையை நீட்டினேன். 'நான் படிக்கிறேன்' என்று அரபியில் சொன்னேன். அது எனக்குத் தெரிந்த வார்த்தைதான், ஆனாலும் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அதிகாரி சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினார்.

படித்தேன். முதல் வரியில் சிரிப்பு போயிற்று. இரண்டாம் வரியில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். எழுத்தர் தானாகவே எழுத ஆரம்பித்தார். என்ஜினியருக்கு ஒன்றும் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளனின் கையைப் பிடித்து என்ன, என்ன என்று கேட்டார், அவன் கையை உதறிக்கொண்டான். நான் நிறுத்தாமல் படித்தேன், நிசார் எழுதியிருந்தது இதுதான். மணிமாறன் தானாகப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன். அப்படி அனுப்பச் சொன்னவர் என்ஜினியர். உள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. நான் சொன்னேன், அவர் போய்விட்டார். நானும் நின்றுவிட்டேன். கடைசி வரியில் இரண்டு பெயரையும் எழுதியிருந்தான். எர்தால் என்று முதலில், நிசார் என்று பிறகு.

மூன்று தட்டு என்று வரும் இடத்தில் என் கை தானாக மேசையில் தட்டிவிட்டது. நிசார் சொல்லித்தந்தது இல்லை அது.

அதிகாரி மொழிபெயர்ப்பாளனை வெளியே போகச் சொல்லிவிட்டு வேறு ஆளை வரவழைத்தார். மற்றதெல்லாம் மூன்று நாளில் முடிந்தது. என்மேல் வழக்கு இல்லை. என்ஜினியரின் பாஸ்போர்ட் இப்போது அதிகாரிகளிடம். எனக்கு இந்த மாதக் கடைசியில் டிக்கெட். வேலுச்சாமியின் கார்டை அவன் வீட்டுக்குப் போகிற சாமான் பெட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அதிகாரி கடைசியில் ஒன்று கேட்டார். 'இவ்வளவு நல்லா அரபி பேசுறவன், டிசம்பர்ல இதே நாற்காலியில உக்காந்து ஏன் பேசல?' சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், எனக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான்.

மணி


ஈசா டவுன்
14 மார்ச் 2025

மணிக்கு,

சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ வெளியே வந்துவிட்டாய் என்று படித்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பாதி சந்தோஷம். மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

நான் சொன்னேன். டிசம்பர் கடைசியில் உன் கடிதம் மூன்றையும் மச்சான் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உன் கம்பெனியின் பஹ்ரைன் ஆபீஸில் பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் அவருக்குப் பழக்கம். 'ஃபோர்மேனுக்கு அரபி தெரியும், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான், விஷயம் வெளியே வருவதற்கு முன்னால் பையனை விட்டுவிடச் சொல்லுங்கள்' என்று நைசாகப் பேசிப் பார்க்கச் சொன்னது நான்தான். பயந்துபோய் உன்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் யாரை அனுப்புவார்கள் என்று யோசிக்கவில்லை. அந்த மனிதனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை மணி. என் கண்ணில் நீ மட்டும்தான் இருந்தாய்.

உன் கேள்வி வந்தபோது ஆம் என்று எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். தன்யாவுக்குக் காய்ச்சல் வந்தது பொய் இல்லை, ஆனால் அது நாலே நாள்.

என்னைத் திட்டு. திட்டாமல் மட்டும் இருக்காதே.

அகிலா


ஜுபைல்
28 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ஞாயிற்றுக்கிழமை விமானம். போன் திருப்பிக் கிடைத்துவிட்டது, ஆனாலும் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும். மேனேஜர் நிசாரிடம் 'பஹ்ரைன்ல இருந்து தகவல் வந்தது' என்று வாயை விட்டிருக்கிறார். காகிதத்தைப் படித்துப் பழக்கிய அன்றைக்கே அவன் என்னிடம் சொன்னான். உனக்கு பஹ்ரைனில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். அக்கா என்றேன். அதன் பிறகுதான் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். காகிதத்தைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தை எழுதாததும் அதனால்தான். நாற்பது நாள் உன்னை நம்பாமல் இருந்தேன். ஜெயில் பயத்தைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அக்கா என்று சொன்னதும் அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். 'பயந்திருப்பாங்க' என்று மட்டும் சொன்னான். பிறகு 'அடுத்த வரிய படி' என்றான்.

விடுதலை ஆனதும் அவன் நம்பருக்குக் கூப்பிட்டேன். முதல் முறை அவன் அம்மா எடுத்தாள். நான் 'நிசார், நிசார்' என்றேன். அவளுக்கு நான் யார் என்று தெரியவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிற அந்நியக் குரல் யாருடையது என்று பயந்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த நம்பர் வேலை செய்யவில்லை. கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் அவன் ஊருக்குப் போய்வந்ததாக மெஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்கள்.

உன்னைத் திட்ட எனக்கு வரவில்லை. ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படிக்காதே. மச்சானைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, நிசார் என்ற பெயர் வருகிற இடமெல்லாம் நிறுத்தாமல், சத்தமாகப் படி.

தம்பி
மணிமாறன்